வலது கால் செருப்பு

அப்பாவுக்கு என்ன நோய், எதனால் வந்தது என்று கோயிலிலும் தெருவிலும் எங்கள் மாடிப்படியிலும் கேட்கிறார்கள். நான்கு மாடி ஏறிக்கொண்டே பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன். வேறு எந்த வீட்டிலாவது யாருக்காவது ஒரு கால் மட்டும் தரையில் உரசத் தொடங்கியிருந்தால், நாங்கள் இழந்த பத்து மாதத்தை அவர்கள் இழக்க வேண்டாம்.

இன்றைய நிலை இது. அப்பா பெரியசாமிக்கு வயது ஐம்பத்தொன்பது. கால்கள் இரண்டும் நிற்காது. வலது கை அசையாது. இடது கையில் இரண்டு விரல்கள் கொஞ்சம் அசையும். பேச்சு இல்லை. சாப்பாடு வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகப் போகிறது. தூங்கும்போதும் பகலில் சில மணி நேரமும் மூச்சுக்கு முகமூடி வேண்டும். கண், காது, தோலின் உணர்ச்சி, நினைவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. கொசு உட்காருவது தெரியும், அடிக்க முடியாது. இந்த நோயை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

நான் அவருடைய ஒரே மகள், வள்ளி. சூரிய மின்தகடும் பேட்டரியும் பொருத்தும் சிறு நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியன். ஒரு கருவி நின்றுபோனால் எங்கள் வேலையில் முதல் கேள்வி: எப்போதிலிருந்து? இரண்டாவது: அதற்கு முன் என்ன மாறியது? இந்த வரிசையை மாற்றக் கூடாது. அப்பா விஷயத்தில் நான் முதல் கேள்வியைக் கேட்கவே இல்லை. பதில் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பங்குனித் தீமிதியிலிருந்து என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில், தகடு பொருத்தப் போன இடத்தில் நான் கூரையிலிருந்து விழுந்தேன். இரண்டு நாள் நினைவில்லை. மகள் கண் விழித்தால் தீ மிதிக்கிறேன் என்று அப்பா அம்மனிடம் வேண்டிக்கொண்டார். விழித்தேன். பங்குனியில் கையில் மஞ்சள் காப்புக் கட்டி, கவிச்சி தொடாமல் இருபத்தொரு நாள் நோன்பிருந்து, அவர் குழியில் இறங்கினார். முக்கால் தூரம் நன்றாகத்தான் நடந்தார். பால்குழிக்கு இரண்டடி முன்னால் வலது பாதத்தின் முனை கங்கில் மாட்ட, குப்புற விழுந்தார். இரண்டு பேர் இழுத்து வெளியே போட்டார்கள்.

முழங்கைக் காயம் மூன்று வாரத்தில் ஆறியது. கால் சரியாகவில்லை. பாதத்தின் முன்பகுதி தூக்க வராமல் தொங்கியது. நோன்பில் ஏதோ குறை என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பர்மாத் தமிழர்களான எங்கள் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். அப்பாவிடம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த பத்து மாதத்தில் நாங்கள் செய்தவை: அம்மனுக்கு மறுபடி ஒரு நோன்பு. ஊருக்கு வெளியே மாவ்பியில் சுளுக்கு எடுப்பவரிடம் ஆறு முறை. இடுப்பெலும்புத் தேய்வு என்று ஒரு டாக்டர் கொடுத்த பெல்ட். நரம்புக்கு என்று வாரம் ஒரு ஊசி. எதுவும் கெடுதல் செய்யவில்லை, எதுவும் உதவவும் இல்லை.

பிறகு கை. அப்பா லான்மடா பகுதியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். ஒருநாள் கடையில் எல்லோர் முன்னாலும் லுங்கி அவிழ்ந்து விழுந்தது. நாளைக்குப் பத்து முறை லுங்கியை இறுக்கிச் செருகாத ஆண் இந்த ஊரில் கிடையாது. அந்தச் செருகல் அவர் விரல்களுக்கு வரவில்லை. அம்மா எல்லா லுங்கிகளிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள். அதைப் பார்த்துத்தான் நரம்பு டாக்டரிடம் போகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் குறைவு, ஆட்கள் அதிகம். அப்பாவின் அடையாள அட்டையில் பர்மியப் பெயர். ஊ டின் மௌங் என்று நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"உங்களைத்தான் கூப்புடுறாங்க" என்றாள் அம்மா.

"ஊ டின் மௌங்க முதல்ல எந்திரிக்கச் சொல்லு. பெரியசாமியால முடியல."

பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியாவிட்டாலும் நாங்கள் மூவரும் சிரித்தோம். கூடத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

சோதனைகளைப் பற்றிப் பயப்படுபவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நோய்க்கென்று தனியாக ஒரு சோதனை கிடையாது. மற்ற நோய்கள் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சுவது இது. இரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் எலும்பு நரம்பை அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். அழுத்தவில்லை. தோலின் மேல் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து நரம்பு கடத்துகிறதா என்று பார்த்தார்கள். பிறகு மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி, தசை சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது என்று திரையில் பார்த்தார்கள். சும்மா இருக்கும் தசை அமைதியாக இருக்க வேண்டும். அப்பாவின் தசை திரையில் துடித்துக்கொண்டே இருந்தது. தொடையில், தோளில், நாக்கில்கூட. வீட்டில் அவர் தொடைத்தோலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் ஓடுவதை அம்மா பல மாதமாகப் பார்த்திருக்கிறாள். வாயு என்று நினைத்தாள்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். இங்கே பெண் டாக்டரை ஸயாமா என்று கூப்பிடுவோம். அவர் பர்மியத்தில் நிதானமாகச் சொன்னதை நான் என் வேலையின் மொழியில் புரிந்துகொண்டேன். மூளையிலிருந்து முதுகுத்தண்டு வரை ஒரு கம்பி. அங்கிருந்து தசை வரை இன்னொரு கம்பி. இரண்டும் உயிருள்ள நரம்பணுக்கள். இயக்க நரம்பணு நோய் எனப்படும் இந்த நோயில் இவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருகின்றன. கட்டளை வராத தசை துடிக்கும், மெலியும், கடைசியில் நின்றுவிடும். ஓர் இடத்தில் தொடங்கி அடுத்த இடத்துக்குப் பரவும்: கால், கை, தொண்டை, கடைசியில் மூச்சுத் தசை. சிலருக்குத் தொண்டையிலேயே தொடங்கும். வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பலருக்குச் சில வருடங்கள்தான். ஒரு மாத்திரை இருக்கிறது; அது கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். செத்த கம்பியை மாற்ற வழியில்லை.

"எதனால வந்துச்சு ஸயாமா?" என்று அப்பா கேட்டார்.

"சில குடும்பத்துல மரபணுவில வரும். உங்க குடும்பத்துல யாருக்கும் இல்லைங்கிறீங்க. மத்தவங்களுக்கு எதனாலன்னு தெரியாது. வயசு, உடம்பு, வெளியிலிருந்து வர்றது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து வருதுன்னு நினைக்கிறோம். நீங்க செஞ்ச எதுவும் காரணம் இல்ல."

அப்பா மரியாதையாகத் தலையசைத்தார். வெளியே வந்து டாக்சியில் உட்கார்ந்ததும், "அந்தம்மாவுக்குத் தெரியாது" என்றார். "எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். மாத்திரை எங்கே கிடைக்கும் என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஒரு வருடம் டாக்டர் சொன்ன வரிசையிலேயே போனது. இடது கால். வலது கை. பிறகு பேச்சு வாய்க்குள் பஞ்சு வைத்ததுபோலக் குழைந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. நாங்கள் மாற்றியவை பல: குளியலறைக்கு நாற்காலி, கழுத்துக்குப் பட்டை, கெட்டியாகக் கரைத்த கஞ்சி, மணிக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊரில் மூச்சு இயந்திரம் நிற்காமலிருக்க இரண்டு பேட்டரி. அந்த ஒன்றை மட்டும் நான் யாரையும் கேட்காமல் சரியாகச் செய்தேன். செலவு விவரம் வேண்டுபவர்கள் நேரில் கேட்கலாம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் கிளிப் மாட்டி ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய காற்றில் நூற்றுக்கு எவ்வளவு வருகிறது என்று ஓர் எண் வரும். முதலில் அறுபத்தெட்டு. பிறகு அறுபத்தொன்று. ஐம்பத்தேழு வந்த அன்று ஸயாமா நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"வயித்துல குழாய் வெக்கணும். வாய் வழியா கேமரா விட்டு வெக்கிறது, சின்ன வேலைதான். ஆனா படுக்க வெச்சு மயக்கம் கொடுக்கணும். இந்த எண் ஐம்பதுக்குக் கீழ போனா மயக்கம் கொடுக்க நாங்க பயப்படுவோம். அதிகமாப் போனா ஒரு மாசம் இருக்கு."

அப்பா வேண்டாம் என்றார்.

அப்போது அவர் பேச்சு எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே புரியும். வீட்டுக்கு வந்து நான் காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு, குழாய் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன என்று படித்துக் காட்டினேன். வைக்காவிட்டால் பட்டினி, அல்லது சோறு நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல். அவர் முழுதும் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதிருக்க" என்றார். "ஆனா இது எனக்குக் குடுத்தது. நா அனுபவிச்சுக் கழிக்கணும். நடுவுல குழாய வெச்சு ஏமாத்துனா, மிச்சம் உம்மேல வரும். வேண்டுதலே உனக்காகத்தான்."

"என்ன கழிக்கணும்?"

சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. நோன்பின் பதினோராம் நாள். கடையில் கூட வேலை செய்பவருக்குப் பிறந்தநாள். பிறந்தநாள் என்றால் இங்கே எல்லோருக்கும் காலைச் சாப்பாடு போடுவது வழக்கம். அன்றைக்கு மொகிங்கா, மீன் கரைத்த குழம்பு ஊற்றிய சேமியா. ஒரு கிண்ணத்தை அவர் கையிலும் கொடுத்தார்கள்.

"வேணாம்னா சங்கடப்படுவாங்கன்னு சாப்டீங்களா?"

"அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்" என்றார். "பசிச்சுது. அதான் நெசம்."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "சட்டையில மீன் வாசம் வந்துச்சு. கேட்டா காப்பை அவுக்கணும், ஊருக்குச் சொல்லணும். சொல்லாம துவைச்சுப் போட்டேன். அப்ப எனக்கும் பாதி வரணும்."

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரு கிண்ணம் மொகிங்காவை இவ்வளவு காலம் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். நான் நோய்க்கான காரணங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலில் இது இல்லை.

என்ன சொல்லியும் அவர் மாறவில்லை. ஸயாமா சொன்னதைச் சொன்னேன். அம்மன் கணக்குப் பார்ப்பவள் இல்லை என்றேன். பூசாரியை அழைத்து வந்தேன். அவர் பரிகாரம் உண்டு என்றார்; அப்படியென்றால் குற்றமும் உண்டு என்று ஆனது, அதனால் இன்னும் மோசமானது. மூன்று வாரம் போனது. பிறகு கஞ்சி நுரையீரலுக்குள் போய்க் காய்ச்சல் வந்தது. நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. கீழ்வீட்டு ஆண்கள் நாற்காலியோடு இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். முதல் மூன்று நாள் ஆக்சிஜன், மூக்குவழிக் குழாய், சளி உறிஞ்சும் இயந்திரத்தின் சத்தம். எதிர்க்கட்டில்காரர் இரண்டாம் நாள் இறந்தார். அவர் மனைவி போகும்போது மீதியிருந்த பழங்களை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அப்பாவின் பேச்சு அந்தக் காய்ச்சலோடு முழுதும் போய்விட்டது. நான் அட்டையில் தமிழ் எழுத்துகளை வரிசையாக எழுதினேன். வரிசை வரிசையாக விரலை ஓட்டுவேன். சரியான இடத்தில் கண்ணை மூடுவார். மெய்யெழுத்து வந்தால் போதும், மிச்சத்தை நாங்களே ஊகிப்போம். அவர் முதலில் சொன்ன சொல், வீட்டுக்கு.

ஐந்தாம் நாள் ஸயாமா ஊதச் சொன்னார். ஐம்பத்துமூன்று. "இந்த வாரம் வெச்சா வெக்கலாம்" என்றார். "அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் காதர் பாய் வந்தார். லத்தா பகுதியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அப்பாவும் அவரும் நாற்பது வருடப் பழக்கம். அப்பா பேசமாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசினார்.

"என்ன சாமி, நல்லா மெத்தையில படுத்துக்கிட்ட. எனக்குக் கடையில ஸ்டூல்தான்." பிறகு என்னிடம், "உங்கப்பனுக்கு அந்தச் செருப்பு விஷயத்துல எம்மேல இன்னும் கோவம் இருக்கும். ஒத்தைக் காலு தேஞ்சுபோச்சுன்னு சண்டைக்கு வந்த ஒரே ஆளு இவன்தான். இடது காலு புதுசாட்டம் இருக்கு, வலது காலு முன்பக்கம் ரப்பரே இல்ல. கள்ளச் சரக்கு விக்கிறியான்னு வாடிக்கைக்காரங்க முன்னாடி கேட்டான்."

"எப்ப பாய் அது?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"தீமிதிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் யோசித்தார். "முன்னாடி. தீபாவளிக்கு வாங்கிட்டுப் போனான். பொங்கலுக்கு மறுநாள் வந்தான். ஒரு கையில சக்கரப் பொங்கல் வாளி, ஒரு கையில செருப்பு. திட்டி முடிச்சுட்டு வாளியைக் குடுத்துட்டுப் போனான். முந்திரி நெறய போட்டிருந்துச்சு, அதனால நா பதிலுக்குத் திட்டல."

"அந்தச் செருப்பு இருக்கா?"

"வேற ஜோடி குடுத்துட்டு அதை மேல தூக்கிப் போட்டேன். மண்டலேலருந்து சரக்கு கொண்டாற ஆளுக்குக் காட்டலாம்னு. அப்புறம் ரோடு கெட்டுப்போச்சு, அந்த ஆளு வரவே இல்ல. அங்கதான் கெடக்கும். ஏம்மா?"

ஏன் என்று சொன்னேன். அவர் உடனே எழுந்து போனார். மறுநாள் மாலை பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார்.

சிவப்பு வெல்வெட் வார், கறுப்பு ரப்பர் அடி. இடது செருப்பில் கடை முத்திரைகூட அழியவில்லை. வலது செருப்பின் முன்முனை சாய்வாகத் தேய்ந்து, உள்ளே நார் தெரிந்தது. இரண்டரை மாதம் ஒரு பாதம் தூக்க முடியாமல் தரையை அரைத்ததன் தடம். ஊசிச் சோதனையின் திரையில் பார்த்ததைவிட அது தெளிவாக இருந்தது. முதல் கேள்விக்கான பதில் ஒரு செருப்புக் கடையின் பரணில் கிடந்திருக்கிறது.

அப்பாவின் கட்டிலைச் சாய்த்து நிமிர்த்தி, இரண்டையும் அவர் மடியில் வைத்தேன்.

"அப்பா, வரிசையா சொல்றேன். இது தை மாசத்துக்குள்ள தேஞ்சது. காப்புக் கட்டுனது பங்குனி. மொகிங்கா சாப்பிட்டது காப்புக் கட்டி பதினோராம் நாள். நீங்க அதைச் சாப்புடுறதுக்கு முன்னாடியே காலு போயிக்கிட்டு இருந்துச்சு. பின்னாடி நடந்தது முன்னாடி நடந்ததுக்குக் காரணமா இருக்க முடியாது."

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையின் இரண்டு விரல்கள் தேய்ந்த முனைவரை நகர்ந்து, அங்கே நின்றன. பிறகு கண்ணால் அட்டையைக் காட்டினார். விரலை ஓட்டினேன். பொறுமையாக ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

அதுக்கு முன்ன என்ன செஞ்சேன்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு காரணத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அம்மாதான் பேசினாள். "ஒண்ணும் செய்யலங்க. செருப்பு வாங்குனீங்க. போட்டுக்கிட்டு நடந்தீங்க."

"என்னைத் திட்டுன" என்றார் காதர் பாய். "ஆனா அதுவும் தேஞ்சதுக்கு அப்புறம்தான சாமி?"

அப்பா சிரித்தார். இந்த நோய் சிலருக்குச் சிரிப்பையும் அழுகையையும் நிறுத்தும் கம்பியையும் அறுத்துவிடும். தொடங்கினால் அவர்களாக நிறுத்த முடியாது. அவர் சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்கி, அது அழுகையாக மாறி, நர்ஸ் வந்து சளியை உறிஞ்சினாள். பாய் பயந்துபோய் எழுந்து நின்றார். எல்லாம் அடங்கியபின் அம்மா அவர் முகத்தைத் துடைத்தாள். குழாயைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை. அட்டையை மட்டும் தூக்கிப் பிடித்தேன்.

வை, என்றார்.

ஒப்புதல் தாளில் நான் அவர் இடது கட்டைவிரலை மையில் அழுத்தி ஒற்றினேன். விரலில் எதிர்ப்பும் இல்லை, உதவியும் இல்லை. ஏழாம் நாள் குழாய் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் அதே ஆண்கள் நாற்காலியோடு மேலே ஏற்றினார்கள். முன்பைவிட எடை குறைவு என்று ஒருவரும் சொல்லவில்லை.

இது நல்ல முடிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழாய் சோறு போடும், நரம்பைக் காப்பாற்றாது. சென்ற வாரம் ஊதியபோது நாற்பத்தொன்று. முகமூடி இப்போது பகலிலும் சில மணி நேரம் வேண்டியிருக்கிறது. அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று எனக்கு வரிசை தெரியும். தொண்டையில் துளையிட்டு இயந்திரத்தோடு இணைப்பது வேண்டாம் என்று அப்பா அட்டையில் சொல்லிவிட்டார். அது தண்டனைக்காகவா என்று கேட்டேன். இல்லை, களைப்பு, என்றார். அதை ஏற்றுக்கொண்டேன். காரணம் தெரியாது என்பதையும் ஏற்றுக்கொள்ளப் பழகுகிறேன். அது இன்னும் முடியவில்லை.

மூன்று நாள் முன்பு காலையில் கீழே மொகிங்காக்காரி குரல் கொடுத்துக்கொண்டு போனாள். நோன்பு முடிந்தபிறகும் எங்கள் வீட்டில் யாரும் அதை வாங்கியதில்லை. ஏன் என்று முன்பெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா கண்ணால் அட்டையைக் கேட்டார். ம வரிசையில் கண்ணை மூடினார். பிறகு க. அதற்குமேல் ஓட்ட வேண்டியிருக்கவில்லை.

அம்மா பால்கனியிலிருந்து, நுனியில் கிளிப் மாட்டிய கயிற்றைப் பணத்தோடு இறக்கினாள். கிளிப்பில் பை ஏறி வந்தது. சேமியாவை எடுத்துவிட்டு, குழம்பைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, ஆறவைத்து, சிரிஞ்சில் எடுத்து, குழாய் வழியாக மெதுவாக விட்டேன். வயிற்றுக்கு ருசி தெரியாது. அதனால் அம்மா பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு அவர் நாக்கில் வைத்தாள். நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையில் இறங்குகிறதோ என்று நான் உறிஞ்சு குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்து அட்டையைப் பார்த்தார். விரலை ஓட்டினேன். உ. ப.

"உப்பா?" என்றாள் அம்மா.

இன்னும் இருக்கிறது என்று கண்ணால் சொன்னார். மறுபடி ஓட்டினேன்.

உப்பு பத்தல, என்றார்.